குடிக்காட்டுச் சேலையும் கஞ்சி அம்மாக்கண்ணுவும்

மருதங்குடிக்காட்டில் அம்மாக்கண்ணு வீடு எது என்று கேட்டால் மூன்று வீடுகளைக் காட்டுவார்கள். கஞ்சி அம்மாக்கண்ணு என்று கேட்டால்தான் சரியான வாசலில் போய் நிற்கலாம். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு வருத்தம் இருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பெற்றவர்கள் வைத்த பெயரை ஊரில் மூன்று பேர் வைத்திருக்கிறார்கள், உழைத்து வாங்கிய பெயர் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி.

ஆண்டிமடத்திலிருந்து முந்திரிக்காட்டின் ஊடாகப் போகும் டவுன் பஸ் கடைசியாக நிற்கிற ஊர் அது. வடக்கே தறிக்காரத் தெரு. அங்கே நூற்று நாற்பது தறிகள். தெற்கே அம்மாக்கண்ணுவின் தெரு. அங்கே ஒரு தறியும் கிடையாது, முன்பு சொந்த நிலமும் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டு அறுத்து வாழ்ந்த குடும்பங்கள். பிறகு ஒருவர் கொத்தனார், ஒருவர் டிரைவர், ஒருவர் சத்துணவு அமைப்பாளர் என்று ஆளுக்கொரு தொழிலுக்குப் போனார்கள். அம்மாக்கண்ணுவின் கணவன் செல்லப்பன் லாரியில் முந்திரி மூட்டை ஏற்றுகிறவன்.

குடிக்காட்டுச் சேலை என்று சொன்னால் கல்யாணப் பட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். முழுக்கப் பருத்தி. அரக்கு நிற உடல், கடுகு நிறத்தில் நாலு விரல் கரை, அவ்வளவுதான். ஜரிகை என்ற பேச்சே இல்லை. முந்திரி பொறுக்குகிற பெண்களும் நடவு நடுகிற பெண்களும் கட்டுகிற சேலை. சேற்றில் நனைந்தாலும் கனக்காது, வரப்பேறி வீடு வந்து சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடும். புதிதில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டி மெத்தென்று ஆகிவிடும். பத்து வருஷம் கட்டிக் கிழித்த பிறகும் அதைத் தூக்கி எறிய மனசு வராது, பிள்ளைக்கு ஏணை கட்டுவார்கள்.

அந்த மெத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் தறிக்காரர்கள் தங்கள் கையைக் காட்டுவார்கள். உண்மையில் அது தெருவிலிருந்து வந்தது. சேலையில் நீளவாக்கில் ஓடுகிற நூலைப் பாவு என்பார்கள். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவில் நாற்பது கஜ நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ஒரு நாள் புளித்த வரகரிசிக் கஞ்சியில் துளி நல்லெண்ணெய் விட்டு நூல் முழுக்கப் பூசி, புல்வேரால் கட்டிய பெரிய பிரஷ்ஷால் வாரிவிட வேண்டும். பாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். இந்த வேலையை எட்டுப் பெண்கள் செய்தார்கள். எட்டுப் பேரும் தெற்குத் தெரு.

அம்மாக்கண்ணு 1995இல் இந்த வேலைக்கு வந்தாள். அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. வயலில் நடவு இல்லை. ஆனால் மழை இல்லாத ஐப்பசியில் பாவு நன்றாகக் காயும், அதனால் கஞ்சி போட ஆள் தேவைப்பட்டது. அவள் வயதொத்த தோழி ஆண்டாயி ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தாள். அவள்தான் கூப்பிட்டாள்.

முதல் நாளே அம்மாக்கண்ணு பெரிய தப்பு செய்தாள். கோயில் முனையில் பிரஷ்ஷைப் பிடித்து, குளத்து முனை வரை வாரிக்கொண்டே போனாள். அங்கே திரும்பி, சும்மா நடப்பானேன் என்று வாரிக்கொண்டே வந்தாள். வாசல் பெருக்குகிறவள் அப்படித்தானே செய்வாள்? பாதி வழியில் ஆண்டாயி பாய்ந்து வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"ஏன்டி, எதிர்வாட்டம்! தலையை வாரும்போது கீழேருந்து மேலே வாருவியா?"

கோயில் முனையிலிருந்து குளத்து முனைக்கு மட்டும்தான் வார வேண்டும். திரும்பும்போது பிரஷ்ஷை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெறுங்கையோடு நடந்து வர வேண்டும். மறுபடி கோயில் முனையிலிருந்து தொடக்கம். இப்படி நாற்பது நடை, ஐம்பது நடை. கோயில் கிழக்கே இருக்கிறது. மேற்கே பார்த்து நடந்தால் காலை வெயில் முதுகில் விழும், கண் கூசாது, அறுந்த இழை பளிச்சென்று தெரியும். அதற்காக வந்த வழக்கம். ஆனால் அதில் இன்னொரு லாபமும் இருந்தது. நூலின் பிசிறெல்லாம் ஒரே வாட்டமாகப் படிந்துவிடும். நெய்து முடித்த சேலையை முந்தானைப் பக்கமாகத் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். திருப்பித் தடவினால் லேசாகப் பிடிக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வாட்டம் போகாது.

ஒரு வருஷத்தில் அம்மாக்கண்ணு எட்டுப் பேரில் முன் நடப்பவளாகிவிட்டாள். கஞ்சி பதம் வந்துவிட்டதா என்று மற்றவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், இவள் பானையைத் திறந்து மோந்து பார்த்தே சொல்வாள். வாய் கொஞ்சம் அதிகம். அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

2003 வைகாசியில் செல்லப்பனின் சொந்தத்தில் அரும்பாவூரில் ஒரு கல்யாணம். இரண்டு பேரும் பெரம்பலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு துணிக்கடை. வாசலில் வரிசையாகச் சேலைகள் தொங்கின. மேலே ஒரு பேனர்: 'அசல் குடிக்காட்டுச் சேலை வந்துவிட்டது.'

அம்மாக்கண்ணுவுக்குத் தலை கால் புரியவில்லை. "பாத்தீங்களா, நம்ம சேலை பெரம்பலூருக்கே வந்துடுச்சு!" என்று கணவனை இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அதே அரக்கு. அதே கடுகு நிறக் கரை. ஆசையாகப் புறங்கையால் ஒரு தடவு தடவினாள். வழுக்கியது. திருப்பித் தடவினாள். அப்போதும் வழுக்கியது. அவள் முகம் மாறிவிட்டது. அடுத்த சேலை, அதற்கடுத்த சேலை என்று தடவிக்கொண்டே போனாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வாங்குறீங்களா, தடவிட்டே போறீங்களா?"

"இது எந்த ஊர் சேலைங்க?"

"மேல எழுதியிருக்குல்ல? குடிக்காட்டுச் சேலை."

"நான் குடிக்காடுதான். இது எங்க சேலை இல்ல. விசைத்தறியில ஓட்டி, மில்லு கஞ்சி போட்டது. ரோலர்ல நசுங்கி வந்திருக்கு, ரெண்டு பக்கமும் வழுக்குது."

கடைக்காரர் சிரித்தார். "அதனால என்னம்மா? தர்மராஜ் முதலாளி மேக்கேருந்து லாரி லாரியா அனுப்புறாரு, நான் விக்கிறேன். குடிக்காடுங்கிற பேரை நீங்க யாருகிட்டயாவது எழுதி வாங்கியிருக்கீங்களா?"

அம்மாக்கண்ணு மறுபடி முதல் சேலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அரும்பாவூர் பஸ் கிளம்பிப் போய்விட்டது. கல்யாணத்துக்கு அவர்கள் பந்தி முடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வருஷமாக ஊரில் ஏன் தறிகள் நின்றுகொண்டிருக்கின்றன, ஏன் நாளொன்றுக்கு ஆறு பாவு மூன்று பாவாகிவிட்டது என்பது அவளுக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த வருஷம் தை மாதத்தில் கைத்தறித் துறையிலிருந்து சிவரஞ்சனி என்ற இளம் அதிகாரி ஊருக்கு வந்தாள். நெசவாளர் சங்கத்துக் கூடத்தில் கூட்டம். சங்கத் தலைவர் குருநாதன் வெள்ளைச் சட்டையும் பவுடருமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். உறுப்பினர்கள் பாயில். கஞ்சிப் பெண்கள் வெளியே படியில்.

சிவரஞ்சனி சொன்ன விஷயம் இது. புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஓர் ஊரின் மண்ணாலும் கைவேலையாலும் ஒரு பொருளுக்குத் தனிக் குணம் இருந்தால், அந்த ஊர்ப் பெயரை அந்தப் பொருளுக்கென்று பதிவு செய்துகொள்ளலாம். புவிசார் குறியீடு என்று பெயர். பதிவு கிடைத்துவிட்டால் வேறு யாரும் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது.

"அப்ப ஊர் பேரை எழுதி வாங்கலாங்களா மேடம்?" படியிலிருந்து அம்மாக்கண்ணுவின் குரல் கூடத்துக்குள் பாய்ந்தது.

"வாங்கலாம்க்கா. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அம்மாக்கண்ணு ஆண்டாயியின் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்தது. மனுவோடு, சேலையைச் செய்கிறவர்களின் பட்டியலையும் சேர்க்க வேண்டும். குருநாதன் தறி வரிசையில் பெயர் சொல்லிக்கொண்டே போனார். நூற்று நாற்பது பெயர் முடிந்தது. அம்மாக்கண்ணு எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தலைவரே, எங்க எட்டுப் பேரு?"

"தறி இருந்தாத்தான் தறிக்காரன். உனக்குத் தறி இருக்கா?"

"தறி இல்ல. ஆனா நாங்க நடக்கலேன்னா உங்க தறியில ஏத்த என்ன இருக்கு?"

"கஞ்சி போட்டவ, நூலு சுத்துனவ, சாயம் தூக்கியாந்தவன்னு எழுதிக்கிட்டே போனா ஊரையே எழுதணும்."

"ஊரையே எழுதுங்களேன். ஊர் பேரைத்தானே வாங்கப் போறீங்க?"

பாயில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். குருநாதன் சிரிக்கவில்லை. "வேலை உனக்கு எப்பவும் இருக்கு, பேரு எதுக்கு? போய் ஆவுற காரியத்தைப் பாரு" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு, செய்முறையைப் பற்றி மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாக்கண்ணு சிவரஞ்சனியைக் கேட்டாள். அவள் மறைக்காமல் வாசித்துக் காட்டினாள். தறியைப் பற்றிப் பதினொரு பக்கம். கஞ்சியைப் பற்றி ஒரே வரி. தெரு இல்லை, வரகு இல்லை, கோயில் முனை இல்லை.

"சங்கம் தீர்மானம் போட்டுக் குடுக்கிறதைத்தான் நான் எழுத முடியும்க்கா" என்றாள் சிவரஞ்சனி. அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் செல்லப்பன், "வுடு, அவங்க துணி, அவங்க எழுதிக்கிறாங்க" என்று சமாதானம் சொல்லப் பார்த்தான். அம்மாக்கண்ணு சீறினாள்.

"பேருக்கு அலையுறேன்னா நெனைக்கிறீங்க? தலைவருகிட்ட மில்லு ஏஜெண்டு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான். நாளைக்கு இவங்களே மில்லுல கஞ்சி போட்ட பாவை எறக்கினாலும் காகிதத்துல அது குடிக்காட்டுச் சேலைதான். எங்க எட்டுப் பேருக்கும் தெருவுல வேலை இருக்காது. ஏன்னு போய்க் கேக்க முடியாது. நாங்கதான் அந்தக் காகிதத்துலேயே இல்லியே!"

இதுதான் விஷயம். ஊர்ப் பெயர் காப்பாற்றப்பட்டு, ஊரில் அந்தச் சேலையை மெத்தென்று ஆக்குகிற கைகள் வெளியே நிற்கப் போகின்றன. அவளுக்குக் கோபத்தில் தூக்கம் பிடிக்காமல் போனது நியாயம்தான்.

மனு சென்னைக்குப் போயிற்று. சர்க்கார் காரியம் சர்க்கார் வேகத்தில் நகர்ந்தது. 2006இல் ஒரு நாள் இடி விழுந்தது. மேற்கே நூறு விசைத்தறி வைத்திருந்த அந்த தர்மராஜ் ஆட்சேபணை போட்டுவிட்டார். அந்தச் சேலையில் தனிக் குணம் எதுவும் இல்லை, ஒரு நிறமும் ஒரு கரையும்தான், அதை யாரும் எங்கேயும் நெய்யலாம், தான் நெய்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தால் காட்டட்டும் என்பது அவர் வாதம். நேரில் பார்த்து முடிவு சொல்ல மூன்று பேர் கொண்ட நிபுணர் குழு மாசி மாதம் ஊருக்கு வருவதாகக் கடிதம் வந்தது.

குருநாதன் அசடரில்லை. ஆனால் அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் வருகிற கிறுக்கு அவருக்கும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலச் சேலைக்கும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. நல்லதாக ஆறு சேலையைப் பொறுக்கி, ஜெயங்கொண்டத்தில் ஒரு லாண்டரியில் கொடுத்து, கடை ஸ்டார்ச் போட்டு, மெஷின் இஸ்திரி செய்து, கண்ணாடிக் கவரில் போட்டு வாங்கி வந்தார். சேலை தகரம் போல நின்றது. பளபளப்பு கண்ணைப் பறித்தது.

குழு வருகிற அன்று காலையில்தான் அம்மாக்கண்ணு அதைப் பார்த்தாள். ஒரு கவருக்குள் கையை விட்டுத் தடவினாள்.

"என்ன தலைவரே இது? வாட்டத்தையே அமுக்கிட்டீங்களே!"

"பொண்ணு பாக்க வரும்போது பொண்ணை அழுக்கோடயா நிறுத்துவாங்க? கையை எடு, மடிப்பு கலையுது" என்றார் குருநாதன்.

குழுவின் தலைவர் நெசவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு மேசை வைத்திருந்தார்கள். அதில் சங்கத்தின் ஆறு சேலை, தர்மராஜ் கொண்டுவந்த ஆறு சேலை. சிவரஞ்சனி ஒவ்வொன்றின் உள்மடிப்பிலும் ஒரு நம்பர் எழுதி, எது யாருடையது என்று தன் தாளில் குறித்துக்கொண்டாள். பிறகு பன்னிரண்டையும் கலந்து போட்டார்கள்.

தர்மராஜ் கைகட்டி நின்று சொன்னார். "சார், இவங்க சேலை எதுன்னு இவங்களே எடுத்துக் காட்டட்டும். நான் இப்பவே என் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கிறேன்."

பேராசிரியர் குருநாதனைப் பார்த்தார். குருநாதன் மேசையருகே போனார். ஒன்றைத் தூக்கினார், வைத்தார். இன்னொன்றைத் தூக்கினார். பன்னிரண்டும் ஒரே பளபளப்பு, ஒரே விறைப்பு. முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவருக்குத் தன் சேலை தெரியவில்லை. பவுடரைக் கரைத்துக்கொண்டு வேர்வை கழுத்தில் இறங்கியது. ஊர்ப் பெயர் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"சார், எனக்கு ரெண்டு அண்டா தண்ணி வேணும்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அம்மாக்கண்ணு முன்னால் வந்துவிட்டாள்.

"ஏய், நீ பேசாம இரு" என்றார் குருநாதன். குரலில் பழைய வேகம் இல்லை.

"அவங்க சொல்லட்டும்" என்றார் பேராசிரியர். "எதுக்கும்மா தண்ணி?"

"பன்னெண்டையும் அலசணுங்க. கடை ஸ்டார்ச்சு போவட்டும். காஞ்ச பொறவு என் கண்ணைக் கட்டி வுடுங்க. எங்களது எது, அவுங்களது எதுன்னு புறங்கையால சொல்றேன்."

தர்மராஜ் சத்தமாகச் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை, அண்டாவைக் கொண்டுவரச் சொன்னார். கஞ்சிப் பெண்கள் எட்டுப் பேரும் சேலைகளை நன்றாக அலசிக் கயிற்றில் விரித்தார்கள். மாசி வெயில். குழுவுக்கு டீயும் மிக்சரும் போய், அந்தப் பேச்சும் இந்தப் பேச்சும் முடிவதற்குள் சேலைகள் காய்ந்துவிட்டன. பேராசிரியர் தன் துண்டாலேயே அம்மாக்கண்ணுவின் கண்ணைக் கட்டி ஸ்டூலில் உட்காரவைத்தார்.

முதல் சேலை. புறங்கை ஒரு தடவை போயிற்று, திரும்பி வந்தது. "எங்களது." இரண்டாவது. "அவுங்களது." மூன்றாவது. "அவுங்களது." நான்காவது சேலையில் கை கொஞ்சம் நின்றது.

"எங்களது. இது ஆண்டாயி நடந்த பாவு. அவ இடது கைக்காரி, ஓரத்துல அழுத்தம் சாஸ்தி இருக்கும்."

"ஆமாண்டி, அதையும் ஊருக்குச் சொல்லு!" என்று ஆண்டாயி கத்தினாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

ஐந்து, ஆறு, ஏழு என்று போயிற்று. சிவரஞ்சனி தாளைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டாள். பன்னிரண்டும் முடிந்தபோது வலது பக்கம் ஊர்ச் சேலை ஆறு, இடது பக்கம் தர்மராஜின் சேலை ஆறு. ஒன்றுகூடத் தப்பில்லை. விசில் பறந்தது.

தர்மராஜ் விடவில்லை. "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கக் குவியலில் இருந்து ஒன்றை உருவி, முந்தானையை மாற்றி மடித்து அவள் மடியில் வைத்தார். அவள் ஒரே தடவுதான் தடவினாள்.

"சார், இது முன்னாடியே வந்ததுதான். இப்பத் தலைகீழா குடுக்கிறீங்க."

தர்மராஜ் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியர் துண்டை அவிழ்த்துவிட்டு, தானே ஒரு சேலையை எடுத்துத் தடவிப் பார்த்தார். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. மற்ற இரண்டு பேரிடமும் கொடுத்தார். அவர்கள் கையிலும் அந்தப் பிடிப்பு தட்டியது. பிறகு மனுவைப் புரட்டினார். "இந்த வாட்டத்தைப் பத்தி இதுல ஒரு வரிகூட இல்லையே. இது யாரோட முறை?"

குருநாதனுக்கு உயிர் திரும்பியிருந்தது. "எங்க தறிக்காரங்களோட பரம்பரை முறைங்க சார்" என்றார்.

அம்மாக்கண்ணு ஸ்டூலை விட்டு எழுந்தாள். எனக்கு அவளிடம் பிடித்தது இந்த இடம்தான். வேறொருத்தி ஜெயித்த மகிழ்ச்சியில் விட்டுக்கொடுத்திருப்பாள்.

"அப்படீங்களா தலைவரே. தெருவுல பாவு கட்டித்தான் கெடக்கு. ஒரு நடை நடந்து காட்டுங்க."

குழுவுக்குக் காட்டுவதற்காகவே அன்று ஒரு பாவு கட்டி, ஈரம் காயாமல் வைத்திருந்தார்கள். குருநாதனுக்குத் தப்பிக்க வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, பிரஷ்ஷை வாங்கினார். கோயில் முனையில் தொடங்கினார். தறி பிடித்த கை அல்லவா, நன்றாகவே வாரினார். குளத்து முனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே திரும்பினார். திரும்பிய வேகத்தில் பிரஷ்ஷைப் பாவில் வைத்து வாரிக்கொண்டே வரத் தொடங்கினார்.

"எதிர்வாட்டம்!" எட்டுப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். கோயில் மணியடித்தது போலத் தெரு அதிர்ந்தது. குருநாதன் பதறிப்போய் இழுக்க, இழைகள் பட்பட்டென்று அறுந்தன. ஆண்டாயி ஓடிப்போய் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார். குருநாதன் கையெல்லாம் கஞ்சியோடு நடுத்தெருவில் நின்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அந்த மனிதரிடம் நல்லது இல்லாமல் இல்லை, அன்றைக்கு அது வெளியே வந்தது.

"எழுதிக்கங்கம்மா" என்றார் சிவரஞ்சனியிடம். "நாங்க நெய்யிறோம். இது இவங்க முறை. சங்கத்துல நாளைக்கே தீர்மானம் போட்டுத் தரேன்."

"மில்லுல கஞ்சி போட்ட பாவுக்கு இந்தப் பேரு கெடையாதுன்னும் எழுதச் சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

குருநாதன் ஒரு நொடி யோசித்தார். மில் ஏஜெண்டு நினைவுக்கு வந்திருப்பான். "அதையும் எழுதிக்கங்க" என்றார்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "எத்தனை பேரும்மா நீங்க? பேரைச் சொல்லுங்க."

அம்மாக்கண்ணு எட்டுப் பெயரையும் சொன்னாள். ஒவ்வொரு பெயரும் தாளில் ஏறிய பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள்.

2007 ஐப்பசியில் சான்றிதழ் வந்தது. அதில் 'மருதங்குடிக்காடு, பெரம்பலூர் மாவட்டம்' என்று போட்டிருந்தது. அடுத்த மாதமே அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகி ஊர் அதற்குள் போய்விட்டது. முன்பே ஒருமுறை அரியலூர் மாவட்டமாகி, பிறகு பெரம்பலூருக்கே திரும்பிய ஊர் என்பதால் யாரும் இதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. மாவட்டம் வரும் போகும், குடிக்காடு குடிக்காடுதான், இப்போது அதற்குக் காகிதமே இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பெரம்பலூரில் அந்தக் கடையின் பேனர் இறங்கியது. தெருவில் நாளொன்றுக்கு ஏழு பாவு ஓடியது.

சான்றிதழ் வந்த மறுநாள் சங்கத்தில் கூட்டம். கஞ்சிப் பெண்கள் வழக்கப்படி படியில் உட்காரப் போனார்கள். சிவரஞ்சனி உள்ளே கூப்பிட்டாள். பாயில் இடம் விட்டார்கள். சேலையைச் செய்ய உரிமையுள்ளவர்களின் பட்டியலைக் குருநாதன் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திறந்தவர், முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, வரிசை மாறியிருக்கே?"

"வேலை நடக்கிற வரிசையில எழுதச் சொல்லியிருக்காங்க சார்" என்றாள் சிவரஞ்சனி. "பாவு முதல்ல. தறி அதுக்கப்புறம்தானே?"

குருநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் வாசித்தார்.

"ஒண்ணு. செல்லப்பன் மனைவி அம்மாக்கண்ணு."

"இருக்கேன்" என்றாள் அம்மாக்கண்ணு. யாரும் அவளைக் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னாள்.

"ரெண்டு. ஆண்டாயி."

"இருக்கேன்" என்றாள் ஆண்டாயி.

எட்டுப் பேரும் இப்படியே ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்கும்வரை குருநாதன் நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தார். அதன்பிறகு ஒன்பதாவது பெயருக்கு வந்தார், அது அவர் பெயர்.